கூலி என்னுஞ் சொல்

தமிழ்ச் சொற்களுள் உலகத்தை மிகுதியாகச் சுற்றி வந்தது எது என்று வினவினால், நம்மவர் பெரும்பாலும் 'கட்டுமரம்' என்று விடையிறுப்பர். உணவில் விருப்புடையோர் 'கறி' என்பர். சிலர் 'மிளகுதண்ணீர்' என்பர். இவையெல்லாம் மேடையிலே சொல்லுதற்கும் கேட்டுக் கைதட்டுதற்கும் இனியவை. இவற்றினும் தொலைவாகச் சென்ற சொல் ஒன்று உண்டு. சீனத்திலும் கியூபாவிலும் தென்னாபிரிக்காவிலும் சுமாத்திராவிலும் அது வழங்கியது. கோடிக்கணக்கான மாந்தர் மேல் அது பெயராக ஒட்டப்பட்டது. ஆயினும் தமிழின் பெருமையைக் கூறும் பட்டியலில் அதனை நாம் சேர்ப்பதில்லை. அச்சொல் 'கூலி'.

அச்சொல்லின் வரலாற்றை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. வெளியே சென்ற சொல் பொருள் திரிந்து மீண்டும் நம் நாவிலேயே வந்து குடியேறியிருக்கிறது. அதனால் நம் நாட்டிலே நம்மொழி பேசும் ஒரு பெருங் கூட்டத்தார்க்கு நேர்ந்த குறை சிறிதன்று. இக்கட்டுரை அதுபற்றியதே.

முதலிலே சொல்லின் பிறந்தகத்தைப் பார்ப்போம். தமிழிலே கூலி என்பது வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. அது பணமாயினும் நெல்லாயினும் ஒன்றே. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே இச்சொல்லை ஆளுகிறார். ஊழ் துணை செய்யாவிடத்தும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி தன் பயனைத் தந்தே தீரும் என்பது அவர் கருத்து. அந்தப் பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. தெய்வத்துக்கு எதிர் வைத்து எண்ணப்பட்ட ஒரு சொல் இழிசொல்லாக இருத்தல் இயலாது. பேச்சு வழக்கிலும் தையற்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, அச்சுக்கூலி என்கிறோம். பொற்கொல்லரிடம் நகை செய்விப்போர் செய்கூலி எவ்வளவு என்று கேட்கின்றனர். உள்ளத்தில் துயரின்றி ஊதியம் கருதி அழுவாரைக் 'கூலிக்கு மாரடிப்பவர்' என்று பழிக்கிறோம். அங்கே கூட இகழப்படுவது பொய்யழுகையே யன்றிக் கூலி அன்று. கூலி பெறுவானைச் சுட்டவேண்டின் கூலியாள் என்போம், கூலிக்காரன் என்போம். ஆள் வேறு, அவனுக்குச் சேரவேண்டிய பொருள் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வருவன எல்லாம் இதனையே பற்றி நிற்பன.

தமிழோடு உடன்பிறந்த மொழிகளிலும் இந்நிலையே காண்கிறோம். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூலி என்பது வேலைக்குரிய ஊதியம். ஆளைக் குறிக்க மலையாளி 'கூலிக்காரன்' என்கிறான்; கன்னடன் 'கூலியாளு' என்கிறான். நம் அயல்மொழியாகிய சிங்களத்திலே சொல் சிறிது குறுகி 'குலிய' என்றாகி, வீட்டு வாடகையையும் வண்டிச் சத்தத்தையும் குறித்து நிற்கிறது. 'கெவல் குலிய' என்றால் வீட்டு வாடகை. அச்சொல் சென்ற இடங்களுள் மிக அமைதியாக வாழ்வது சிங்களத்திலேதான் என்று தோன்றுகிறது. மாதந்தோறும் ஒருமுறை மட்டுமே அது அங்கே சச்சரவை உண்டாக்குகிறது.

கூலி என்பது கூலம் என்பதிலிருந்து வந்தது என்று தமிழறிஞர் சிலர் கூறுவர். கூலம் தானியம், மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர் என்பதை மாணவர் அறிவர். தானியமாக அளக்கப்பட்டமையின் கூலியாயிற்று என்பது அவர்கள் விளக்கம். களத்திலே நெல்லைக் கூலியாக அளந்த வழக்கத்தை நோக்கும்போது இது பொருந்துவது போலவே இருக்கிறது. ஆனால் பொருந்துவது போலத் தோன்றுவன எல்லாம் மெய்யாகிவிடா. நான் இதனை ஒரு நல்ல ஊகம் என்ற அளவிலே நிறுத்திக்கொள்வேன்.

இனிப் பிறர் உரிமை கோருவதையும் கேட்பது முறை. மேற்கிந்தியாவிலே, குசராத்திலும் கொங்கணக் கரையிலும், கோளி என்னும் ஒரு குலத்தார் பன்னெடுங்காலமாக வாழ்கின்றனர். மும்பாய்க் கடற்கரையிலே மீன்பிடிப்போருள் அவர் பலர். அவருட் சிலர் சுமை தூக்குதல் முதலிய வேலைகளைச் செய்துவந்தமையின், அக்குலப் பெயரே வேலையாளின் பெயராயிற்று என்பது ஒரு கொள்கை. யூல், பேர்ணெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்திய அகராதி இதனையே முதன்மையாகக் கொள்கிறது. அவர்க்கு முன்னே, 1855இல் வருவாய்த்துறை, நீதித்துறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்ட வில்சன் என்னும் அறிஞர், தென்னாட்டுக் கூலியே மூலம் என்று கருதினார்.

மூன்றாவதாகத் துருக்கி மொழி வந்து நிற்கிறது. அங்கே 'குல்' என்பது அடிமை. 'கொலெ' என்பதும் அடிமை. இறைவனுக்கு அடியான் என்னும் உயர்ந்த பொருளிலும் அது வழங்கும். 1591இல் ஐதராபாத்து நகரை நிறுவிய அரசன் முகம்மது குலி குதுப்சாகி. அவன் பெயரின் நடுவில் நிற்கும் 'குலி' இந்த அடியானே. ஒரே ஒலி, கோல்கொண்டாவிலே முடி சூடியிருக்கிறது. அதற்குச் சிறிது தெற்கே சுமை தூக்கியிருக்கிறது.

இம்மூன்றனுள் எது மெய்? சொல்லின் வடிவமும் 'வாடகைக்கு வேலை செய்தல்' என்னும் பொருளும் தென்னாட்டுக்கே மிக அணுக்கமாக உள்ளன. ஆதலின் வில்சன் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் ஆறு ஒன்றிலே பல ஓடைகள் கலப்பது போல, குலப்பெயரின் இளக்காரமும் அடிமைப் பெயரின் கறையும் வழியிலே அதனுடன் கலந்திருத்தல் கூடும். எல்லாச் சொல்லும் எம்முடையதே என்று மார்தட்டும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. இந்தச் சொல்லுக்கு உரிமை கோருபவர் அதன் கறைக்கும் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்பதை மறத்தல் ஆகாது.

ஐரோப்பியர் நம் கரைகளில் வந்திறங்கியபோது, 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளிலே, கப்பலிலிருந்து மூட்டை இறக்கவும் பல்லக்குச் சுமக்கவும் அவர்க்கு ஆட்கள் வேண்டியிருந்தனர். அவ்வாட்களைச் சுட்டக் கேட்ட சொல்லைப் போர்த்துக்கேயரும் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தத்தம் ஏடுகளில் எழுதிக்கொண்டனர். எழுதியபோது 'ஆள்' என்னும் பகுதி உதிர்ந்துவிட்டது. கூலியாள் கூலியானான். இது காது செய்த சிறு பிழை என்று கொள்ளலாம். ஆனால் அப்பிழையின் விளைவு பெரிது. கூலி என்பது ஒருவனுக்கு நாம் கொடுக்கவேண்டியது என்னும் பொருளில் இருந்தவரை, அச்சொல்லைச் சொல்லும்போதே கொடுப்பவன் கடமை அதனுள் ஒலித்துக்கொண்டிருந்தது. கூலி என்பது அம்மனிதனே என்றானபின், கடமை மறைந்தது. மனிதன் எண்ணத்தக்க சரக்கானான்.

1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆட்கள் குறைந்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே 'அற்லஸ்' என்னுங் கப்பல் 36 இந்தியத் தொழிலாளரை மொரிசியசுத் தீவில் இறக்கியது. பின்னர் 1920 வரையில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அத்தீவின் துறையிலே கால் வைத்தனர். அத்துறைக்குக் 'கூலித்துறை' என்றே பெயர் வழங்கியது. இன்று அதன் பெயர் 'ஆப்பிரவாசி காட்', அஃதாவது குடிபெயர்ந்தோர் துறை. 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கயானாவுக்கு 1838இலும், பிரெஞ்சு நாட்டாரின் மார்த்தினிக்குத் தீவுக்கு 1853இலும், தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்கு 1860இலும் கப்பல்கள் சென்றன. நேற்றால் சென்ற முதற்கப்பல் 'துரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டது. சென்ற இடமெல்லாம் சொல்லும் உடன் சென்றது.

சீனத்தில் நிகழ்ந்தது வியப்புக்குரியது. சீனர் பிறமொழிச் சொல்லை எழுதும்போது ஒலிக்கேற்ற எழுத்துகளைத் தேர்வர். அவ்வெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருளும் உண்டு. கூலியை அவர் 'கு-லி' என்று இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதலெழுத்தின் பொருள் கசப்பு, துன்பம். இரண்டாவதன் பொருள் வலிமை. கசப்பான உழைப்பு! ஒலியை எழுதப் புகுந்தவர் உண்மையை எழுதிவிட்டனர். 1847 முதல் 1874 வரையில் சீனத் துறைகளிலிருந்து கியூபாவுக்கு மட்டும் ஏறத்தாழ 125,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வணிகத்துக்குச் சீனமக்கள் இட்ட பெயர் 'பன்றிக்குட்டி விற்றல்' என்பது. சீன அரசு 1874இல் ஒரு குழுவைக் கியூபாவுக்கு அனுப்பி ஆராய்ந்தபின்னரே கொடுமைகள் வெளிவந்தன. அமெரிக்காவிலோ, 1862இல் இவ்வணிகத்தைத் தடுக்க ஒரு சட்டம் செய்தனர். அதே ஆண்டில் கலிபோர்னியா 'கூலி எதிர்ப்பு' என்ற பெயரில் சீனர்மேல் தனிவரி விதித்தது. முன்னது கடத்துவோனைத் தண்டித்தது. பின்னது கடத்தப்பட்டவனைத் தண்டித்தது. சொல் ஒன்றுதான். சீன எழுத்தின் பொருத்தத்தைக் கண்டு, கூலி சீனச் சொல்லே என்று நம்புவார் இன்றும் உளர்.

ஒல்லாந்தர் ஆண்ட சுமாத்திராவின் தேலிப் புகையிலைத் தோட்டங்களில் சீனரும் சாவகரும் 'கூலி'களாயினர். 1880இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே கூலிச் சட்டம். வேலையை விட்டு நீங்குதல் அதன்படி தண்டனைக்குரிய குற்றம். 1902இல் வான் டென் பிராண்டு என்னும் ஒல்லாந்த வழக்கறிஞர் அத்தோட்டங்களின் கொடுமையைச் சிறுநூலாக எழுதி நாட்டையே கலக்கினார். இன்றைய இந்தோனேசிய மொழியிலும் கட்டடவேலை செய்வோன் 'கூலி'தான். அம்மொழியின் அகராதியிலே அதன் அருகே 'கூலியா' என்றொரு சொல் நிற்கிறது. அதன் பொருள் பல்கலைக்கழக விரிவுரை! அது கல்லூரியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கூலிக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. ஒலியொற்றுமையை மட்டும் கண்டு உறவு கொண்டாடுவோர்க்கு இவ்விரு சொற்களையும் நான் காட்டுவதுண்டு.

ஜேர்மன் மொழியிலே 'கூலி' என்றால் பேனா. குமிழ்முனைப் பேனாவின் நீண்ட ஜேர்மன் பெயரைக் குறுக்கியதால் வந்தது என்பர். அது முழுவுண்மை அன்று. அதற்கு முன்னரே, 1928இல், ஹம்பர்க்கு நகரில் ஒரு வணிக நிறுவனம் 'திந்தென்கூலி', அஃதாவது 'மைக்கூலி', என்னும் பெயரோடு ஒருவகைப் பேனாவை விற்றது. சலிக்காமல் உழைக்கும் பேனா என்பது கருத்து. நம் கரையிற் புறப்பட்ட சொல் ஒருவாறு எழுதுகோலிலும் ஏறியிருக்கிறது.

தென்னாபிரிக்காவிலே அச்சொல் ஒரு வேலையின் பெயராகவும் நிற்கவில்லை. இந்தியர் அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. வணிகன் 'கூலி வணிகன்'. 1893இல் அங்கு சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்'. அவர் தம் சத்தியசோதனையில் இன்னொரு பெயரையும் குறிப்பிடுகிறார். தமிழர் பெயர்களின் ஈற்றிலே 'சாமி' என்று வருவதைக் கேட்ட வெள்ளையர் இந்தியரைச் 'சாமி' என்றும் இகழ்ச்சியாக அழைத்தனராம். அப்பெயரால் அழைக்கப்பட்ட சிலர், சாமி என்றால் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவன் அல்லேன் என்று மறுமொழி சொன்னதுண்டாம். சாமி என்று வசைபாடியவனை அவ்வாறு மடக்க முடிந்தது. கூலி என்று வசைபாடியவனையும் மடக்கியிருக்கலாம். 'எனக்குத் தரவேண்டியதைத்தானே சொல்கிறீர், எங்கே, எடும்' என்று கைநீட்டியிருக்கலாம். அந்த விடையைத் தமிழறிந்தோன் ஒருவனே சொல்லக்கூடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் கோப்பியை நோய் பற்றத் தொடங்கியபின் பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் தமிழர். அவர்களை அழைத்தோர் ஆங்கிலேயர். ஆகவே இங்கு நிகழ்ந்தது இது: கூலி என்றால் யாது என்று அறிந்த மக்கள்மேலேயே, அதன் பொருளைத் தலைகீழாக்கி, அச்சொல் சுமத்தப்பட்டது. பெயர் மட்டும் தலைகீழாகவில்லை, கணக்கும் தலைகீழாயிற்று. வழிச்செலவும் முற்பணமும் அவன் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. அவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டின் அக்கடனைத் தீர்ப்போரிடமே போகலாம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டவன் சிறை செல்லவும் நேர்ந்தது. கூலி பெறவேண்டியவன் கடனாளியாய் நின்றான். துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. ஆகக்குறைந்த சம்பளத்துக்குச் சட்டம் வந்தது 1927இல்.

சொல் அத்துடன் அமையவில்லை. நம் மொழியின் தலையிலும் ஏறிற்று. வெள்ளைத் துரைமார் தொழிலாளருடன் பேசுதற்கெனச் சில தமிழ்க் கைந்நூல்கள் கொழும்பிலே அச்சாயின. அவற்றுள் ஒன்றின் பெயர் 'இங்கே வா'. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூலின் பெயரோ 'கூலித் தமிழ்'. கட்டளையிடுதற்கும் அதட்டுதற்கும் வேண்டிய அளவு தமிழ் அவற்றில் உண்டு. செந்தமிழ், கொடுந்தமிழ் என்று இலக்கணக்காரர் வகுத்ததை நாம் படித்திருக்கிறோம். இந்த மூன்றாவது தமிழை வகுத்தவர் துரைமார். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட நூல், மலையக எழுத்தின் தொடக்கங்களை நமக்குத் தேடித் தந்திருக்கிறது. மாணவர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

அம்மக்கள் தாமே எச்சொல்லைக் கைக்கொண்டனர் என்பதைப் பார்க்கவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் 'கூலி உயர்வு' என்று கேட்பது அரிது. 'நாட்சம்பளம்' என்றே சொல்வர். நெடுங்காலம் போராடி 2021இல் அது 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோதும், ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்பதே எல்லோர் வாயிலும் ஒலித்தது. இன்னொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. ஒருநாள் வேலையைச் செக்ரோல் எனப்படும் பதிவேட்டிலே பதிவதற்குப் 'பேர் போடுதல்' என்று பெயர். முழுநாள் வேலை முழுப்பேர். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர். ஒருவருக்கு மாதத்தில் இத்தனை பேர் என்று எண்ணிச் சம்பளம் கணிக்கப்படும். ஆங்கிலேயன் கூலியை எடுத்து மனிதனுக்குப் பெயராக்கினான். இவர்கள் தம் பெயரையே எடுத்து ஒருநாட் கூலிக்குப் பெயராக்கினர். அரைப்பேர் போட்டான் கணக்கப்பிள்ளை என்று ஒரு பெண் மனம் நொந்து சொல்லும்போது, அரைச்சம்பளம் என்பதினும் மேலான ஒன்று அவ்வார்த்தையில் ஒலிக்கிறது. எந்த அகராதிகாரரும் அதனை விளக்கவேண்டியதில்லை.

இனி நம்முடைய பங்கைச் சொல்லவேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்ற வடபுலத்தார் பலர் மலைநாட்டுக்குக் கணக்கராகவும் ஆசிரியராகவும் வைத்தியராகவும் சென்றனர். துரையின் சொல்லைத் துரையின் பொருளிலேயே அவருட் பலர் கற்றுக்கொண்டனர். 'தோட்டக்கூலிகள்' என்ற தொடர் நம் பத்திரிகைகளிலும் பேச்சுகளிலும் புகுந்தது இவ்வாறே. 'தோட்டக்காட்டான்' என்னும் வசை அதனுடன் பிறந்தது. மலையகச் சிறுவர் சிறுமியரைப் படிப்பிப்போம் என்று அழைத்துவந்து அடுக்களையில் வைத்திருந்த வீடுகள் நம்மிடையே இருந்தன. 'கூலிப்பிள்ளைதானே' என்ற ஒரு சொல் அவ்வீட்டார் மனச்சான்றை உறங்கவைக்கப் போதுமாயிருந்தது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பின்னர் முடிவுசெய்யப்படும் என்று இரண்டு அரசுகள் அவர்களைப் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் என்ற நிலை நீங்கலாயிற்று. மனிதரை இவ்வாறு எண்ணிப் பகிர முடிந்தமைக்குச் சொல் மட்டும் காரணமன்று, அரசியலே காரணம். ஆயினும் அவ்வரசியலைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் பலர் கலங்காதிருந்தமைக்கு, அவர்களை நாம் எப்பெயரால் நினைத்தோம் என்பதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அச்சொல்லை என் செய்வது? பிற நாட்டார் வெவ்வேறு வழி கண்டிருக்கின்றனர். இந்தியப் புகையிரதத் துறை 2016இல், நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்னாது 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தது. பெயர் மாற்றம் எளிது. மூட்டையின் பாரம் அதனாற் குறையவில்லை. கயானாவின் ராஜ்குமாரி சிங் என்னும் எழுத்தாளர் 1973இல், நான் ஒரு கூலி என்று தலைநிமிர்ந்து எழுதினார். மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி அப்பெயரிலிருந்தே ஒரு கொள்கைச் சொல்லை ஆக்கி, கடல் கடந்த மக்களின் நினைவுக்கு அதனை அடையாளமாக்கினார். வசையை எடுத்து மாலையாகச் சூடிக்கொள்ளுதல் ஆண்மையுடைய செயல். ஆனால் அது வசையைப் பெற்றவர்க்கு மட்டுமே உரிய உரிமை. வைதவர் வழிவந்தோர் அதனை எடுத்தாளுதல் பொருந்தாது.

தமிழருக்கு இவ்விரண்டும் வேண்டா என்பேன். பிற மொழியார்க்கு அச்சொல்லின் தூய பொருள் என்று ஒன்று இல்லை; கறைபட்ட பின்னரே அது அவர்க்குக் கிடைத்தது. நமக்கோ வள்ளுவர் காலம் முதலாக அது நற்பொருளோடு இருக்கிறது. பொருளுக்கு வைத்துக்கொண்டு ஆளுக்கு நீக்கினாற் போதும்.

'ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆரவாரமா? கூலி என்று ஆளைச் சொல்வது ஆகுபெயர்தானே. ஊர் திரண்டது என்று நாம் சொல்வதில்லையா?' என்று இலக்கணம் கற்றார் ஒருவர் வினவலாம். நல்ல வினா. ஆசிரியர் சம்பளம் பெறுகிறார். வழக்கறிஞர் கட்டணம் பெறுகிறார். குருக்கள் தட்சிணை பெறுகிறார். புலவர் சன்மானம் பெறுகிறார். கொடுக்கப்படுவது எல்லாம் ஒன்றே. பெறுவோர் நிலைக்கேற்பப் பெயர் மட்டும் வேறு வேறு. இரண்டு ஆசிரியர் வரக்கண்டு 'இரண்டு சம்பளங்கள் வருகின்றன' என்று எம்மாணவனாவது சொன்னதுண்டா? நீதிமன்ற வாயிலில் 'கட்டணங்கள் கூடி நிற்கின்றன' என்று எவராவது சொல்வரா? ஆகுபெயர் ஒருவர்க்கு மட்டும் ஆகி மற்றையோர்க்கு ஆகாதிருப்பின் அதனை ஆக்கியது இலக்கணம் அன்று.

இலக்கணத்தையே இன்னும் சிறிது தொடர்வோம். கூலி அஃறிணைப் பெயர். 'கூலிகள் வந்தார்கள்' என்பது திணைவழு. உயர்திணையை அஃறிணையாகச் சொல்லலும் சில இடங்களில் அமைதியாகும் என்று நன்னூலார் இடங்கொடுத்து, அதற்குக் காரணங்களையும் வகுத்திருக்கிறார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்பன அவை. தாய் தன் மகனை 'என் பொன் வந்தது' என்பது உவப்பினால். 'தோட்டக்கூலிகள்' என்று எழுதுவோர் இவ்வைந்தனுள் எக்காரணத்தால் எழுதுகின்றனர்? உவப்பினால் அன்று, உயர்வினாலும் சிறப்பினாலும் அன்று, சினந்து எழுதியதாகவும் தெரியவில்லை. எஞ்சுவது ஐந்தாவது. அதுதான் காரணமெனின் ஒப்புக்கொண்டு எழுதட்டும்; அன்றெனின் அது வழு என்று திருத்தப்படவேண்டும்.

ஆகவே நம் கல்லூரித் தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன். மாணவர் கட்டுரைகளில் 'கூலிகள்' என்று மனிதரைச் சுட்டி எழுதியிருக்கக் காணின், ஒற்றுப்பிழைக்கும் எழுத்துப்பிழைக்கும் இடுவது போலச் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, ஓரத்திலே 'திணைவழு' என்று எழுதுவீர்களாக. தொழிலாளி, தொழிலாளர் என்ற நல்ல சொற்கள் இருக்கின்றன. கூலியாள் என்பதும் பிழையன்று, அதில் ஆள் இருக்கிறான். விவாத மேடையிலே ஒருவர் அவ்வாறு பேசினால் எதிரணியார் எழுந்து வினவட்டும். பத்திரிகைத் துறையில் இருக்கும் பழைய மாணவர் 'அன்றாடக் கூலிகள்' என்ற தலைப்பைக் கண்டால் அச்சேறுமுன் மாற்றட்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை.

கூலி என்னுஞ் சொல்லையோ அஞ்சி ஒதுக்கவேண்டா. விழாச் செலவுக் கணக்கிலே அச்சுக்கூலி இவ்வளவு, பந்தற்கூலி இவ்வளவு, ஏற்றுகூலி இவ்வளவு என்று பொருளாளர் எழுதும் வரிகளில் அது தன் இருக்கையிலேயே இருக்கிறது. அவ்வரிகளுக்கு எதிரே 'செலுத்தப்பட்டது' என்ற குறிப்பும் இருக்கின்றதா என்பதை மட்டும் கணக்காய்வாளர் பார்த்துக்கொள்வாராக.